இரவு 3 மணி முழிப்புக்கு விரதம்தான் காரணமா?

ஏழு வாரமாக 16:8 விரதம், அதாவது 16 மணி நேரம் பட்டினி, மீதி 8 மணி நேரத்துக்குள் சாப்பாடு என்று இருக்கிறீர்கள். மதியம் 1 மணிக்கு முதல் சாப்பாடு, இரவு 9 மணிக்குள் கடைசி வாய். நாலு கிலோ இறங்கியிருக்கிறது. ஆனால் 11 மணிக்குப் படுத்தால் 12 தாண்டியும் புரண்டுகொண்டிருக்கிறீர்கள். எப்படியோ தூங்கினாலும் 3 மணிக்குச் சொல்லி வைத்தாற்போல முழிப்பு வந்துவிடுகிறது, நெஞ்சு லேசாகப் படபடக்கிறது. வயது 36, மாத்திரை எதுவும் இல்லை, விரதத்தை விட்டுவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்குறி போட்டது அந்த இடத்தில்தான். ஆனால் அதற்கு இரண்டு வரி முன்னால், 'பசியால் முழிக்கிறேனா, வேறு ஏதாவதா என்றே புரியவில்லை' என்று போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். பதில் வேண்டியது அதற்குத்தான். அது தெரிந்துவிட்டால் விடுவதா தொடர்வதா என்பது தானாக முடிவாகிவிடும்.

நான் டயட்டீஷியன். ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் 16 வருடமாக வேலை. கடந்த ஏழெட்டு வருடமாக, என் மேசைக்கு எதிரே உட்காருபவர்களில் வாரத்துக்கு நாலைந்து பேராவது 'ஃபாஸ்டிங் இருக்கேன் மேடம்' என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். இரண்டாவது மாதம் வரும்போது அவர்களில் சிலர் எடையை விட்டுவிட்டுத் தூக்கத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். சாப்பாடு என் தொழில், தூக்க மருத்துவம் என் தொழில் இல்லை. அதனால் சாப்பாட்டுப் பக்கம் நின்று பார்த்தால் தெரிவதைச் சொல்கிறேன். அதற்கு மேல் போகவேண்டிய இடம் வந்தால் யாரிடம் போகவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 9 மணிக்குக் கை கழுவுகிறீர்கள், 3 மணிக்கு முழிக்கிறீர்கள். நடுவில் 6 மணி நேரம். விரதம் என்ற பேச்சே இல்லாமல் மூன்று வேளையும் சாப்பிட்டு, இரவு 9 மணிக்குச் சப்பாத்தி குருமாவோடு நாளை முடிக்கிற உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் 3 மணிக்கு அதே 6 மணி நேரம்தான் ஆகியிருக்கும். உங்கள் 16 மணி நேரத்தில் கஷ்டமான பகுதி காலை 8 மணியிலிருந்து மதியம் 1 வரை. அப்போது நீங்கள் ஆபீஸில் இருக்கிறீர்கள். நீங்கள் படுத்திருக்கும் நேரத்தில் உங்கள் உடம்பு விரதத்தின் வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை. பசி என்ற சந்தேகத்தில் பாதியை இங்கேயே கழித்துவிடலாம்.

மீதிப் பாதி, 'ராத்திரி சுகர் இறங்கிவிடுகிறது, அதனால்தான் முழிப்பு' என்று வீடியோக்களில் சொல்கிறார்களே, அது. வளர்ந்த ஒருவரின் ஈரலில் ஏறக்குறைய 100 கிராம் மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேமிப்பில் இருக்கும். சாப்பாடு நின்றதும் ஈரல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ரத்தத்தில் விடும். அது குறையக் குறைய, புரதத்திலிருந்தும் கொழுப்பின் துணுக்குகளிலிருந்தும் புதிதாகக் குளுக்கோஸைச் செய்துகொள்ளும். சர்க்கரை நோய் மாத்திரையோ இன்சுலினோ எடுக்காத, மற்றபடி ஆரோக்கியமான ஒருவருக்கு 16 மணி நேரத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்காது. இது உறுதியாகத் தெரிந்த விஷயம். மாத்திரை எடுப்பவர்களின் கதை முழுக்க வேறு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அப்படியானால் 3 மணி ஏன்? தூக்கம் ஒரே நீளத்துக்கு இருப்பதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக வருகிறது. ஆழ்ந்த தூக்கத்தில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று சுற்றுகளிலேயே முடிந்துவிடும். பின்னிரவுத் தூக்கம் மெல்லியது, கனவுகள் நிறைந்தது. கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் பின்னிரவில்தான் ஏற ஆரம்பித்து, நாம் எழுந்த கொஞ்ச நேரத்தில் உச்சத்துக்குப் போகிறது. ஆகவே 3 மணிவாக்கில் ஒரு தரம் கண் திறப்பது யாருக்கும் நடப்பதுதான். பலருக்கு மறுநாள் அது ஞாபகம்கூட இருக்காது. உங்கள் பிரச்சினை, திறந்த கண் மூட மறுப்பது. அப்படி மறுக்க வைக்கிற ஏதோ ஒன்று அந்த நேரத்தில் உங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. என் அனுபவத்தில் அது மூன்றில் ஒன்று: வயிற்றில் இருக்கும் சாப்பாடு, ரத்தத்தில் இருக்கும் காப்பி, இல்லாவிட்டால் மனசு.

மனசு என் தொழில் இல்லை, முதல் இரண்டைப் பார்க்கிறேன். வயிற்றிலிருந்து தொடங்குகிறேன். கிளினிக்கில் முதல் வேலையாக மூன்று நாள் சாப்பாட்டை எழுதி வரச் சொல்வேன், நேரத்தோடு. உங்களைப் போலவே 1 முதல் 9 வரை சாப்பிட்ட ஒருவருடைய நோட்டுப் புத்தகத்தின் கடைசி வரிகள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. 8:35 தோசை 5. 8:50 வாழைப்பழம் 2, கடலை மிட்டாய் 3. 8:58 பால் ஒரு டம்ளர். ஏன் இப்படி என்று கேட்டேன். '9 மணிக்குக் கடை சாத்திடுவாங்களே மேடம்' என்றார். சிரித்துவிட்டேன், ஆனால் நடப்பது அதுதான். 9 மணிக்குக் கதவு மூடும், மறுநாள் 1 மணிவரை திறக்காது என்று மனதுக்குத் தெரிந்ததும் கை தானாக இன்னொரு தோசைக்கு நீள்கிறது. காலைப் பலகாரத்தில் மிச்சம் பிடித்ததை எல்லாம் இரவில் வட்டியோடு கட்டிவிடுகிறோம். நீங்கள் உங்கள் இரவுச் சாப்பாட்டின் அளவை எழுதவில்லை. எழுதிப் பாருங்கள். நான் பந்தயம் கட்டுவதில்லை, கட்டினால் இதில் கட்டுவேன்.

நிறைந்த வயிற்றோடு படுத்தால் நடப்பதில் எது எவ்வளவு நிச்சயம் என்று பிரித்துச் சொல்கிறேன். அமிலம் மேலேறும் வாய்ப்பு கூடுவது நிச்சயம். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரமாவது கழித்துப் படுங்கள், இடது பக்கமாகச் சரிந்து படுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். எல்லோருக்கும் அது நெஞ்செரிச்சலாகத் தெரியவேண்டும் என்பதில்லை. தொண்டை கரகரப்பு, வாயில் புளிப்பு, லேசான இருமல் என்று முழிப்பாக மட்டும்கூட வரலாம். தூக்கம் வருவதற்கு உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்கவேண்டும் என்பதும், செரிமானம் சூட்டைக் கூட்டும் என்பதும் உண்மை. ஆனால் ஐந்து தோசை எத்தனை நிமிடத் தூக்கத்தைத் தின்னும் என்று கணக்குச் சொல்கிற அளவுக்கு ஆராய்ச்சிகள் ஒத்துப்போகவில்லை. சிலர் பிரியாணி சாப்பிட்டுவிட்டு அடுத்த நிமிடம் குறட்டை விடுகிறார்கள், அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சோறு சாப்பிடுபவர்களுக்குப் பிடிக்கிற ஒரு ஆய்வு இருக்கிறது. 2007ல் வந்தது, 12 ஆண்களை மட்டும் வைத்துச் செய்தது. சர்க்கரையை வேகமாக ஏற்றுகிற மல்லிகை அரிசிச் சோற்றைப் படுப்பதற்கு 4 மணி நேரம் முன்னால் சாப்பிட்டபோது சராசரியாக 9 நிமிடத்தில் தூங்கிப்போனார்கள். மெதுவாக ஏற்றும் அரிசி என்றால் 17 நிமிடத்துக்கு மேல் ஆனது. அதே மல்லிகை அரிசியைப் படுப்பதற்கு 1 மணி நேரம் முன் கொடுத்தபோது 14 நிமிடத்துக்கு மேல். 12 பேர் என்பது மிகச் சின்ன எண்ணிக்கை, அதை வைத்து யாருக்கும் நான் சோற்றை எழுதிக் கொடுப்பதில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு நிச்சயமாக இல்லை. ஆனால் இரவில் சோறே தொடக்கூடாது என்று பயந்து வெறும் வெள்ளரிக்காயும் முட்டையும் சாப்பிட்டுவிட்டுத் தூக்கம் வராமல் தவிப்பவர்களிடம் இதைச் சொல்வேன். என்ன சாப்பிட்டோம் என்பது போலவே எப்போது சாப்பிட்டோம் என்பதும் அந்த 9க்கும் 14க்கும் நடுவில் இருக்கிறது.

இதைப் படித்ததும் 'சரி, அப்படியென்றால் மாலை 4 மணியோடு நிறுத்திவிடுகிறேன்' என்று உடனே மறுகோடிக்குப் போய்விடாதீர்கள். நான் போனேன். 2018ல் ஒரு ஆய்வு வந்தது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 8 ஆண்கள், 5 வாரம், எல்லாச் சாப்பாட்டையும் பிற்பகலுக்குள் முடித்தார்கள். எடை குறையாமலேயே இன்சுலின் வேலை செய்யும் விதம் மேம்பட்டது, ரத்த அழுத்தம் இறங்கியது. படித்த உற்சாகத்தில் காலை 8 முதல் மாலை 4 வரை என்று நானே ஆரம்பித்தேன். முதல் இரண்டு இரவும் வீராப்பில் ஓடியது. மூன்றாவது நாள் இரவு பத்தரைக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்றரைக்கு எழுந்து, விளக்கைக்கூடப் போடாமல், அடுப்பங்கரையில் நின்றபடியே சட்டியோடு மோர்ச்சோறு சாப்பிட்டேன். ஊறுகாய் எடுத்த சத்தத்தில் வீட்டுக்காரர் முழித்துக்கொண்டார். இத்தனைக்கும் அன்று காலைதான் ஒருவருக்கு மனக்கட்டுப்பாடு பற்றிப் பாடம் எடுத்திருந்தேன்.

பசி தூக்கத்தை விரட்டுவதற்கு உடம்பில் ஒரு தனி ஏற்பாடே இருக்கிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் ஒரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் உண்டு. 1998ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தன. ஒரெக்சின் நம்மை விழிப்பில் வைத்திருக்கிறது. அது இல்லாமல் போகிறவர்களுக்கு நார்கோலெப்சி, அதாவது பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கி விழுகிற நோய் வருகிறது. பட்டினி போட்ட எலிகளில் இந்த அணுக்கள் சுறுசுறுப்பாகின்றன, குளுக்கோஸ் வந்தால் அடங்குகின்றன. இரை கிடைக்காத மிருகம் படுத்துத் தூங்கினால் பிழைக்காது, அது எழுந்து தேடவேண்டும் என்பதற்கான அமைப்பு என்று இதைப் புரிந்துகொள்கிறார்கள். எலியில் இவ்வளவும் தெளிவு. இரவுச் சாப்பாட்டை 4 மணிக்கு முடித்த மனிதரிடமும் இதே அளவுக்கு நடக்கிறதா என்பது அவ்வளவு தெளிவில்லை. ஆனால் வயிறு கூப்பிடும்போது தூக்கம் வராது என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

பசியைப் பற்றி இன்னொன்று. கிரெலின் என்ற பசி ஹார்மோன் வயிறு காலியாவதைப் பார்த்து மட்டும் ஏறுவதில்லை, நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தைப் பார்த்தும் ஏறும். அந்த நேரம் தாண்டினால் சாப்பிடாவிட்டாலும் தானே இறங்கும். இருபது வருடம் 9 மணிக்குச் சாப்பிட்ட உடம்பு 9 மணிக்குத் தட்டைத் தேடத்தான் செய்யும். அதனால் நேரத்தை மாற்றுகிறவர்கள் ஒரே நாளில் மாற்றவேண்டாம். மூன்று நாலு நாளைக்கு ஒரு தரம் அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளினால் போதும். நான் இரண்டாவது தடவை இப்படித்தான் செய்தேன், மோர்ச்சோற்றுக்கு எழுந்திருக்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்லும் நேரம்: 11 மணிக்குப் படுப்பதாக இருந்தால் கடைசிச் சாப்பாடு ஏழேகாலிலிருந்து ஏழரைக்குள் முடியவேண்டும், முதல் சாப்பாடு பதினொன்றரைக்கு. 16 மணி நேரம் அப்படியே இருக்கும், சாப்பிடுகிற 8 மணி நேர ஜன்னல் மட்டும் ஒன்றரை மணி நேரம் முன்னுக்கு நகர்கிறது. ஆபீஸில் பதினொன்றரைக்கு டப்பாவைத் திறந்தால் ஒரு வாரம் கேலி செய்வார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். அந்த முதல் சாப்பாடுதான் பெரிய சாப்பாடாக இருக்கவேண்டும்: சோறு, குழம்பு, இரண்டு காய், தயிர், கூடவே முட்டையோ மீனோ சுண்டலோ. இடையில் 4 மணிக்கு ஒரு பழமும் கைப்பிடி வேர்க்கடலையும். இரவுக்கு மூன்று இட்லி சாம்பார், அல்லது ஒரு கரண்டிச் சோறு பருப்பும் காயும், அல்லது அடை. எழுந்திருக்கும்போது இன்னும் ஒரு இட்லி சாப்பிடலாம் போல இருக்கவேண்டும். படுக்கும்போது வயிறு நிறைந்தும் இருக்கக்கூடாது, கத்தவும் கூடாது.

ஏழரைக்கு முடியாது, வீட்டுக்கு வந்து சேரவே 8 ஆகிறது என்றால் 16 என்ற எண்ணைத் தளர்த்துங்கள். அந்த எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் 116 பேரை வைத்து 12 வாரம் நடந்து 2020ல் வெளிவந்த ஆய்வில், மதியம் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிட்டவர்கள், வழக்கம்போல மூன்று வேளை சாப்பிட்டவர்களைவிடக் குறிப்பிடும்படி அதிகமாக எடை குறையவில்லை. சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஒரு வருடம் கவனித்து 2022ல் வெளியிட்டார்கள். கலோரியைக் குறைத்தவர்களும், அதே கலோரிக் குறைப்போடு காலை 8 முதல் மாலை 4 வரை மட்டும் சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் இளைத்தார்கள். மொத்தத்தில் குறைவாகச் சாப்பிட வைக்கிறது என்பதுதான் இந்த விரதத்தின் பெரிய பலம். அதனால் 14 மணி நேரம், ஏன் 12 மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் நீங்கள் இழப்பது அதிகமில்லை. இரவு ஏழரையிலிருந்து காலை ஏழரை வரை 12 மணி நேரம் என்பது நம் பாட்டிமார்கள் விரதம் என்று பெயர்கூட வைக்காமல் இருந்ததுதான். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர் வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது வழக்கம். ஒருபொழுது, ஒருசந்தி என்பதெல்லாம் நமக்குப் புதிய சொற்களும் இல்லை.

விரதமும் தூக்கமும் பற்றி நேரடியாகவே அளந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்பீர்கள். நேரம் குறித்துச் சாப்பிடும் முறைகளில் இதுவரை பார்த்த பெரும்பாலான ஆய்வுகளில் தூக்கத்தின் நீளமும் தரமும் சராசரியில் பெரிதாக மாறவில்லை. கெடவும் இல்லை, கூடவும் இல்லை. 'விரதம் இருந்தால் குழந்தை மாதிரித் தூங்கலாம்' என்கிற விளம்பரத்துக்கும் ஆதாரம் இல்லை, 'விரதம் தூக்கத்தைக் கொன்றுவிடும்' என்பதற்கும் இல்லை. ஆனால் சராசரி என்பதற்குள் நன்றாகத் தூங்கியவரும் கெட்டுப்போனவரும் சேர்ந்தே இருப்பார்கள். இந்த ஆய்வுகளில் பலவற்றில் சேர்ந்தவர்கள் முன்பிருந்தே ஓரளவு நன்றாகத் தூங்கியவர்கள். ரமலான் நோன்பு காலத்தில் தூக்கம் குறைகிறது என்ற ஆய்வுகளைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அது உண்மைதான், ஆனால் அங்கே சாப்பாடு இரவில், சஹருக்கு விடியுமுன் எழுந்திருக்கவேண்டும், இரவுத் தொழுகையும் உண்டு. தூங்கும் நேரமே மாறிப்போகிற அந்த மாதத்தை வைத்து உங்கள் 16:8ஐ அளக்க முடியாது.

அடுத்து காப்பி. காலையில் பசியை அடக்க இரண்டு கடுங்காப்பி, மதியம் ஒன்று, மாலை 5 மணிக்கு ஃபில்டர் காப்பி ஒன்று என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விரதத்துக்கு முன் நாளைக்கு இரண்டுதான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆக, விரதம் உங்கள் காப்பியை இரட்டிப்பாக்கியிருக்கிறது. காஃபின் உடம்பில் பாதியாகக் குறைய சராசரியாக 5 மணி நேரம் ஆகும். சிலருக்கு 3, சிலருக்கு 7, ஆளுக்கு ஆள் மாறும். 5 மணிக்குக் குடித்ததில் பாதி 10 மணிக்கும் உள்ளே இருக்கும், மதியம் குடித்ததன் மிச்சமும் அதோடு சேரும். விழித்திருக்கும் நேரத்தில் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து சேர்ந்து தூக்கக் கலக்கத்தைக் கொடுக்கும். காஃபின் அது உட்காரவேண்டிய நாற்காலியில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. 2013ல் ஒரு ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் காஃபின் கொடுத்தும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. 400 என்பது பெரிய அளவுதான், உங்கள் ஒரு டபராவில் அவ்வளவு இருக்காது. ஆனால் 5 மணிக் காப்பி என்பது உங்களுக்கும் அதே 6 மணி நேரம் முன்னால் என்பதைக் கவனியுங்கள். படபடப்புக்கும் எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான். மதியம் 12க்கு மேல் காப்பி வேண்டாம், மொத்தம் இரண்டு. திடீரென்று குறைத்தால் இரண்டு மூன்று நாள் தலைவலிக்கும், அதனால் இரண்டு நாளைக்கு ஒரு தரம் ஒரு காப்பி என்று படிப்படியாகக் குறையுங்கள். கிரீன் டீயிலும் காஃபின் உண்டு. 'அது ஹெல்த்தி மேடம்' என்று இரவு 9 மணிக்குக் குடிப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

தண்ணீரும் உப்பும் பற்றிக் கொஞ்சம். விரதத்தின் முதல் வாரங்களில் இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் கூடுதலாக வெளியே விடும். காலைச் சாப்பாடு போனதால் சட்னி, சாம்பாரோடு வந்த உப்பும் போயிருக்கும். சிலருக்கு நடு இரவில் கெண்டைக்கால் சுண்டி இழுப்பது இதனால் இருக்கலாம். ரத்தக்கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ இல்லையென்றால் மாலையில் உப்புப் போட்ட மோர் ஒரு டம்ளர் போதும். 3 லிட்டர் தண்ணீர் இலக்கை இரவு 9 மணிக்கு ஞாபகம் வந்து ஒரேயடியாகக் குடித்து முடிக்கிறவர்கள் 3 மணிக்கு எழுந்திருப்பதில் மர்மம் எதுவும் இல்லை. மெக்னீசியம் மாத்திரை கேட்டிருந்தீர்கள். தூக்கத்துக்கு அது உதவும் என்பதற்கான ஆதாரம் பலவீனமானது. கீரை, வேர்க்கடலை, எள் இதெல்லாம் சாப்பாட்டில் இருக்கட்டும், மாத்திரைக்குக் காசு செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எடை குறைகிறதே, கொஞ்சம் தூக்கம் போனால் என்ன என்று நினைத்தால் 2010ல் வந்த ஒரு ஆய்வைச் சொல்கிறேன். 10 பேர், குறைந்த கலோரிச் சாப்பாடு, 14 நாள் 8.5 மணி நேரப் படுக்கை, இன்னொரு 14 நாள் 5.5 மணி நேரம். இரண்டு தடவையும் இறங்கிய எடை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தூக்கம் குறைந்தபோது அதில் கொழுப்பின் பங்கு பாதிக்கும் மேல் குறைந்துபோனது, தசையின் பங்கு கூடியது. 10 பேர்தான் என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் இது எனக்குப் பெரிய ஆச்சரியம் தரவில்லை. தூங்காதவர்கள் மறுநாள் கூடுதலாகப் பசிக்கிறது என்று வந்து சொல்வதை நான் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் நாலு கிலோவில் எது எவ்வளவு என்று தராசு சொல்லாது.

3 மணிக்கு முழித்தால் என்ன செய்வது? மணி பார்க்காதீர்கள், போனை எடுக்காதீர்கள். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு இடத்தில், மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்பிப் போங்கள். உண்மையிலேயே வயிறு கத்துகிறது என்றால் அரை டம்ளர் பாலோ ஒரு சின்ன வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். விரதம் முறிந்துவிட்டது என்று சாமி கோபித்துக்கொள்ளாது. இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருப்பதை மட்டும் விடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமையும்தான்.

இனி இந்தப் பதிலை வேறு யாராவது படித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்காக. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் இரவில் வியர்வை, நடுக்கம், படபடப்போடு முழித்தால் அதை விரதத்தின் கஷ்டம் என்று பொறுத்துக்கொள்ளக்கூடாது. உடனே சர்க்கரை பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். மருந்தின் அளவை மருத்துவர் மாற்றிக் கொடுக்காமல் இவர்கள் விரதத்தை ஆரம்பிக்கவே கூடாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு நீண்ட பட்டினியில் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு, சர்க்கரை அளவு பார்ப்பதற்குச் சரியாகத் தெரியும்போதே. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள், சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி உடம்பைக் கெடுத்துக்கொண்ட அனுபவம் முன்பு இருந்தவர்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சத்தமாகக் குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, காலையில் தலைவலி, வாய் உலர்ந்திருப்பது, இதில் எதுவும் இருக்கிறதா என்று வீட்டில் கேளுங்கள். இருந்தால் தூக்கப் பரிசோதனைக்குப் போகவேண்டும், தட்டை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. பகலிலும் படபடப்பு, கை நடுக்கம், எடை நீங்கள் எதிர்பார்ப்பதைவிட வேகமாக இறங்குவது என்றால் தைராய்டு பார்க்கவேண்டும். இதெல்லாம் இல்லையென்றால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரவுச் சாப்பாட்டை முன்னுக்குக் கொண்டுவந்து இரண்டு வாரம், அப்புறம் காப்பியைக் குறைத்து இரண்டு வாரம். தினமும் மூன்று விஷயம் எழுதுங்கள்: கடைசி வாய் எத்தனை மணிக்கு, கடைசிக் காப்பி எத்தனை மணிக்கு, இரவு எத்தனை தடவை முழிப்பு. அதற்கும் அசையவில்லை என்றால் விரதத்தை நிறுத்தி, காலை ஏழரை, மதியம் 1, இரவு ஏழரை என்று இரண்டு வாரம் சாப்பிட்டுப் பாருங்கள். அப்போதும் 3 மணிக்கு முழிப்பு வந்தால் விரதத்தின் மேல் குற்றமில்லை, மருத்துவரைப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகச் செய்யுங்கள். சாப்பாட்டு நேரத்தையும் காப்பியையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கும் தெரியாது, நோட்டைப் பார்க்கிற எனக்கும் தெரியாது.